அறுபது தொடும் தம்பிக்கு எதை வாங்குவது: காப்ஸ்யூலா, டெலோமியர் பரிசோதனையா, ஸ்டெம்செல் டிரிப்பா?

போன ஐப்பசியில் ஏற்காட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை டப்பா. டெலோமரேஸ் என்ற நொதியைத் தூண்டி வயதைப் பின்னோக்கித் திருப்பும் என்று அதன் மேல் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. தம்பி மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. அப்பாவுக்குத் தையில் அறுபதாம் கல்யாணம் வருகிறது, அதற்கு மோதிரம், சங்கிலி என்று செய்வதைவிட ஆயுசைக் கூட்டுகிற மாதிரி ஏதாவது செய்யலாமே என்பது அவன் ஆசை.

டப்பாவோடு இரண்டு தாள்களையும் எடுத்து வைத்தான். ஒன்று, ரத்தம் கொடுத்தால் குரோமோசோமின் நுனியில் இருக்கும் டெலோமியரின் நீளத்தை அளந்து 'உங்கள் செல்லின் உண்மையான வயது' இதுதான் என்று சொல்லும் பரிசோதனைக்கான படிவம். இன்னொன்று, ஒரு பெருநகர மையத்தின் விளம்பரம். ஸ்டெம்செல்லை, அதாவது புதுச் செல்களை உண்டாக்கும் மூலச் செல்லை, டிரிப்பில் ஏற்றினால் உடம்பு முழுக்கப் புதுசாகிவிடும் என்றது.

"அத்தை, நீங்க முப்பது வருஷம் விலங்கியல் எடுத்தவங்க. இந்த மூணுல அப்பாவுக்கு எது சரிப்படும்னு பார்த்துச் சொல்லுங்க. வேணும்னா மூணையுமே செஞ்சிரலாம்" என்றான்.

பிள்ளை பாசத்தோடு கேட்டதை ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனசு வரவில்லை. நான் பாடம் நடத்திய காலத்தில் டெலோமியர் பற்றிப் புத்தகத்தில் ஒரு பத்திதான் இருந்தது. சேலத்துக்குத் திரும்பி மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். அவன் கேட்ட மூன்றோடு, அதே பணத்தில் செய்யக்கூடிய நான்காவது வழி ஒன்றையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தேன். இப்படி ஒரு டப்பா வேறு வீடுகளுக்கும் வந்திருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பாவு முடியும் இடம்

எங்கள் அப்பா அம்மாபேட்டையில் குழித்தறி நெய்தவர். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு தீரும்போது கடைசியில் கொஞ்ச நீளம் மிஞ்சும். விழுதிலும் அச்சிலும் மாட்டிக்கொண்டு நிற்கிற அந்த நூலை எவ்வளவு கெட்டிக்காரராலும் நெய்ய முடியாது. நாடா ஓட இடம் இருக்காது. அப்பா அதை அறுத்து எறிய மாட்டார். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்து முறுக்குவார். ஆயிரக்கணக்கான இழை. பாவு பிணைக்கிற நாளில் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம்.

செல் பிரியும்போது குரோமோசோமுக்கும் இதே சங்கடம்தான். டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதிக்கு, தொடங்குவதற்கு ஒரு சின்னப் பிடிமானம் வேண்டும். இழையின் கடைக்கோடியில் அந்தப் பிடிமானம் இருந்த இடத்தை நிரப்ப வழியில்லை. அதனால் ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் நுனி கொஞ்சம் குறைகிறது. ரஷ்ய விஞ்ஞானி அலெக்சி ஓலோவ்னிகோவ் 1971இல் இதைக் கணித்துச் சொன்னார். முக்கியமான மரபணுக்கள் போய்விடக் கூடாது என்பதற்காக, நுனியில் டிடிஏஜிஜிஜி என்ற ஆறு எழுத்து திரும்பத் திரும்ப வருகிற நீளமான வால் ஒன்று இருக்கிறது. அதுதான் டெலோமியர். பிறக்கும்போது பத்தாயிரம் எழுத்துக்கு மேல் இருக்கும். சோதனைக்கூடத்தில் வளர்க்கும் செல்லில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஐம்பதிலிருந்து நூறு எழுத்து போகிறது. லெனர்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் 1961இல் மனிதச் செல்களை வளர்த்துப் பார்த்தபோது, நாற்பது முதல் அறுபது முறை பிரிந்த பிறகு அவை நின்றுவிட்டன. அவை சாகவில்லை. பிரிவதை மட்டும் நிறுத்திக்கொண்டன.

அந்த நுனியில் புது இழை பிணைக்கிற கைதான் டெலோமரேஸ். எந்த எழுத்தைச் சேர்க்க வேண்டும் என்பதற்கான அச்சு, ஆர்என்ஏ வடிவில் அதனிடமே இருக்கிறது. எலிசபெத் பிளாக்பர்னிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த கரோல் கிரைடர் 1984 கிறிஸ்துமஸ் நாளில் இதன் முதல் தடயத்தைப் பார்த்தார். பார்த்தது மனிதச் செல்லில் இல்லை, குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரில். இவர்கள் இருவருக்கும் ஜாக் சோஸ்டாக்குக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை படிக்கும் யாருக்கும் அடுத்து வருகிற எண்ணம் ஒன்றுதான்: அப்படியானால் டெலோமரேஸைக் கூட்டிவிட்டால் வயசே ஆகாதே? தம்பி மகனுக்கும் அதே எண்ணம்தான்.

ஆனால் உடம்பு அந்தக் கையை வேண்டுமென்றேதான் கட்டி வைத்திருக்கிறது. விந்து, முட்டை உண்டாகும் செல்களில் டெலோமரேஸ் முழுமூச்சாக வேலை செய்கிறது. மஜ்ஜையிலும் குடலிலும் தோலிலும் உள்ள மூலச் செல்களில் அளவோடு வேலை செய்கிறது. கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்களில் தேவைப்படும்போது எழுந்துகொள்கிறது. மற்றபடி நம் உடம்பின் பெரும்பாலான செல்களில் நாம் பிறப்பதற்கு முன்பே அது அடங்கிப் போகிறது. ஒரு செல் கட்டுமீறிப் பெருகத் தொடங்கினால், பாவு தீர்ந்து அது நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. அந்தத் தடையைத் தாண்டிய செல்தான் புற்றாக வளர்கிறது. புற்றுநோய்களில் ஏறக்குறைய 85 முதல் 90 சதவீதத்தில் டெலோமரேஸ் மறுபடி விழித்திருக்கிறது. அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கர்ப்பப்பை வாய்ப் புற்றிலிருந்து 1951இல் எடுத்த செல்கள் இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் பிரிந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு நுனி தீருவதே இல்லை.

அதனால் நான் ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வி வைத்துத்தான் பார்த்தேன். இது எந்தச் செல்லுக்கு இழை பிணைக்கிறது? அப்பா பிணைக்கும்போது எந்த இழை, எந்தத் தறி என்று தெரிந்து பிணைத்தார். இவர்களுக்கு அது தெரியுமா?

டப்பாவில் இருப்பது

அஸ்ட்ராகலஸ் என்பது சீன வைத்தியத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு செடி. அதன் வேரிலிருந்து பிரித்தெடுத்த பொருள்தான் காப்ஸ்யூலுக்குள் இருக்கிறது. கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த செல்களில் இது டெலோமரேஸை ஓரளவு தூண்டுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சின்னவை. இதைச் சாப்பிட்டவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்றோ, நோய் குறைந்தது என்றோ அவற்றில் எதுவும் காட்டவில்லை. இது போன்ற ஒரு பொருளை விற்ற நிறுவனத்தின் மேல், முதுமையைத் திருப்பும் என்ற அதன் பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேடு கமிஷன் 2018இல் நடவடிக்கை எடுத்தது.

பலன் இல்லாவிட்டால் காசுதான் போகும், போகட்டும் என்று விடலாம். நான் விடாததற்குக் காரணம் வேறு. பலன் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

விளம்பரத்தில் எலி ஆராய்ச்சி ஒன்றைக் காட்டியிருந்தார்கள். அது உண்மையான ஆராய்ச்சிதான். 2012இல் ஸ்பெயினில் மரியா பிளாஸ்கோ குழுவினர், தீங்கில்லாத வைரஸ் ஒன்றில் டெலோமரேஸ் மரபணுவை ஏற்றி எலிகளுக்குச் செலுத்தினார்கள். ஒரு வயது எலிகளின் ஆயுள் சராசரியாக 24 சதவீதமும், இரண்டு வயது எலிகளுக்கு 13 சதவீதமும் கூடியது. புற்றும் கூடவில்லை. படிக்கும்போது எனக்கே புல்லரித்தது. ஆனால் அது மரபணு சிகிச்சை, வேர்ச்சாறு இல்லை. அதைவிட முக்கியம், எலி வேறு, நாம் வேறு. எலியின் டெலோமியர் நம்முடையதைவிடப் பல மடங்கு நீளம். அதன் பல உறுப்புகளில் டெலோமரேஸ் பெரியதான பின்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று வருஷம் வாழ்கிற உடம்புக்குப் புற்றைத் தள்ளிப்போட வேண்டிய அவசியம் நம் அளவுக்கு இல்லை. எழுபது எண்பது வருஷம் காவல் காக்க வேண்டிய உடம்பு இந்தக் கதவை இறுக்கிச் சாத்தி வைத்திருக்கிறது.

மனிதர்களைப் பற்றி என்ன தெரியும்? பிறவியிலேயே நீண்ட டெலோமியருக்கான மரபணு வாய்த்தவர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. நீண்டவர்களுக்கு இதயக் குழாய் நோய் குறைவு. ஆனால் மூளை, சினைப்பை, சிறுநீரகம், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் வரும் சில புற்றுகளுக்கும் மெலனோமா என்ற தோல் புற்றுக்கும் வாய்ப்பு அதிகம். நீளம் என்பது வெறும் லாபம் இல்லை, ஒரு பக்கம் கூடினால் இன்னொரு பக்கம் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டெலோமரேஸ் தானாகப் புற்றை உண்டாக்குவதில்லை. 1998இல் சாதாரண மனிதச் செல்களுக்கு அந்த மரபணுவைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை வழக்கமான எல்லையைத் தாண்டிப் பிரிந்தன, ஆனாலும் ஒழுங்காகவே இருந்தன. அடுத்த வருஷம் அமெரிக்கப் புற்று ஆராய்ச்சியாளர் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில், டெலோமரேஸோடு புற்றைத் தூண்டும் வேறு இரண்டு மரபணுக்களையும் சேர்த்தபோதுதான் சாதாரணச் செல் கட்டியாக மாறியது. ஆக, ஏற்கெனவே பாதி வழி போய்விட்ட செல்லுக்கு டெலோமரேஸ் கிடைத்தால்தான் ஆபத்து. அறுபது வயசு உடம்பில் அப்படிப் பாதி வழி போன செல் எங்கேயாவது இருக்குமா, இருக்காதா? டப்பா விற்கிறவருக்குத் தெரியாது.

இதைப் படித்த அன்றே தம்பிக்குப் போன் போட்டேன். "டப்பாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி நீ வாயைத் திறந்து யார்கிட்டயாவது காட்டு" என்றேன். அவன் மிளகு, காப்பி வியாபாரம் பார்க்கிறவன். எஸ்டேட் எஸ்டேட்டாகச் சுற்றும் குளிருக்கு இதமாக இருக்கிறது என்று இருபத்தைந்து வருஷமாக வெற்றிலை, பாக்கு, புகையிலை. சிரித்தான். "அக்கா, பல்லு ஒண்ணும் வலிக்கலையே." வலிக்காது என்பதுதான் பயமே என்றேன்.

மறுவாரம் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தான். அஸ்தம்பட்டியில் ஒரு பல் மருத்துவரிடம் நானே கூட்டிப்போனேன். அந்தப் பெண் டாக்டர் விளக்கைத் திருப்பி, இடது கன்னத்தின் உட்புறத்தைச் சின்னக் கண்ணாடியால் ஒதுக்கி எனக்குக் காட்டினார். புகையிலையை அடக்கி வைக்கிற இடத்தில், கட்டை விரல் நகம் அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. சுண்ணாம்பு ஒட்டியது போல இருந்தது. துணியால் துடைத்தார், போகவில்லை. லூகோபிளேக்கியா என்றார், ஒரு துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். இது போன்ற திட்டுகளில் பெரும்பாலானவை அப்படியே நிற்கும், சில புற்றாக மாறும். எது மாறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்தத் திட்டுக்குள் இருக்கும் செல்களுக்கு நுனி தீர்ந்துபோவது ஒரு கடிவாளம். அந்தக் கடிவாளத்தை அவிழ்க்கத்தான் நாங்கள் காப்ஸ்யூல் வாங்கியிருந்தோம். டாக்டர் கையைக் கழுவப் போனபோது எனக்கு வந்த நடுக்கத்தை என்னால் மறக்க முடியாது.

டெலோமரேஸைக் குறிவைத்து அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற மருந்தின் பெயர் இமெடெல்ஸ்டாட். 2024 ஜூனில் கிடைத்த அனுமதி. மஜ்ஜைக் கோளாறான எம்.டி.எஸ். நோயில், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் ஒரு வகை நோயாளிகளுக்கானது. அது டெலோமரேஸைத் தூண்டுவதில்லை, அடக்குகிறது. அதற்கும் விலை உண்டு. தட்டணுக்களும் வெள்ளணுக்களும் குறைவதால் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே கொடுக்கிறார்கள். தூண்டுவதோ அடக்குவதோ, இந்த நொதியில் கை வைப்பது மருத்துவமனைக்குள் கண்காணிப்போடு செய்கிற காரியம். தபாலில் வரும் டப்பாவுக்கு அந்தக் கண்காணிப்பு எங்கே?

செல்லின் வயதைச் சொல்லும் பரிசோதனை

இது கெடுதல் செய்யாது. ஒரு குழாய் ரத்தம், அவ்வளவுதான். அதனால் முதலில் இதற்குச் சரி சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பெரியவர்களின் ரத்த வெள்ளணுவில் டெலோமியர் நீளம் சுமாராக ஏழாயிரம் எழுத்து என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்குக் குறைவது சுமார் முப்பது எழுத்து. விலை மலிவான பிசிஆர் முறையில் அளக்கும்போது ஐந்து சதவீதம் முன்னே பின்னே வருவது சாதாரணம். ஏழாயிரத்தில் ஐந்து சதவீதம் 350. அதை முப்பதால் வகுத்தால் கிட்டத்தட்ட பன்னிரண்டு வருஷம்! அறுபது வயதுத் தம்பியை நாற்பத்தெட்டு என்றும் சொல்லலாம், எழுபத்திரண்டு என்றும் சொல்லலாம், இரண்டும் அளவுகோலின் தள்ளாட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். போதாததற்கு, ஒரே வயதுள்ள இருவருக்குள்ளேயே நீளம் வெகுவாக வேறுபடும். பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்று நீளம். காய்ச்சல், சளி வந்து வெள்ளணுக்களின் வகை விகிதம் மாறினாலே எண் மாறும். பெற்றோரிடமிருந்து வந்த பங்கும் பெரியது.

சரி, எண் குறைவாக வந்தால் என்ன செய்வோம்? புகையிலையை விடு, சர்க்கரையைக் கட்டுப்படுத்து, நட என்போம். அதிகமாக வந்தால்? அதையேதான் சொல்வோம். முடிவை மாற்றாத பரிசோதனைக்குச் செலவழிக்க எனக்கு மனசில்லை. 'உங்கள் செல்லுக்கு வயது நாற்பத்தெட்டு' என்று ஒரு தாள் வந்தால், அந்தத் தெம்பில் தம்பி இன்னொரு வெற்றிலை மடிப்பான் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் இதே பரிசோதனை உயிரைக் காப்பாற்றுகிற குடும்பங்கள் இருக்கின்றன. அதை இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

என்னிடம் பிளஸ் டூ படித்த ஒரு பையன். பதினேழு வயதில் தலை பாதி நரைத்திருந்தது. விடைத்தாளை நீட்டும்போது விரல் நகங்களைப் பார்ப்பேன், நீளவாக்கில் வரி வரியாகப் பிளந்து, சிலவற்றில் நகமே தேய்ந்து போயிருக்கும். கழுத்தைச் சுற்றி வலை விரித்தாற்போல் கருமை. சத்துக் குறைவு என்று நினைத்து, அவன் அம்மாவிடம் முருங்கைக்கீரை கொடுங்கள் என்று சொன்னேன். அந்த அறிகுறிகளின் பெயர் அன்றைக்கு எனக்குத் தெரியாது. கல்லூரிக்குப் போன பிறகு ரத்த அணுக்கள் மூன்றும் சரிந்தன. பிறவியிலேயே டெலோமியர் சீக்கிரம் தேயும் நோய் என்று கண்டுபிடித்தார்கள். டிஸ்கெராடோசிஸ் கன்ஜெனிட்டா என்பது அதன் பெயர். நகம், தோல், வாய்க்குள் வெள்ளைத் திட்டு ஆகிய மூன்றும் அதன் அடையாளம். டெலோமரேஸையோ அதற்குத் துணை நிற்கும் புரதங்களையோ உண்டாக்கும் மரபணுக்களில் பழுது இருப்பதால் வருகிறது. மஜ்ஜை வற்றிப்போகும். பெரியவர்களில் நுரையீரல் தழும்பேறி மூச்சு முட்டுவதாகவோ, குடிக்காதவருக்கும் கல்லீரல் சுருங்குவதாகவோ தலைகாட்டும். தலைமுறைக்குத் தலைமுறை இன்னும் இளம் வயதிலேயே வரவும் கூடும்.

அந்தப் பையனுக்கு மஜ்ஜை கொடுக்க அண்ணன் முன்வந்தான். அண்ணனுக்குப் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. டெலோமியர் நீளத்தைச் சோதித்தபோது அவனுக்கும் மிகக் குறைவு. மரபணுவிலும் அதே பழுது. அந்த மஜ்ஜையை வைத்திருந்தால் வீண். வேறு கொடையாளரைத் தேடினார்கள், நோயாளியின் உடம்பு தாங்காது என்பதால் மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் கீமோ மருந்தின் வீரியத்தையும் குறைத்தார்கள். பரிசோதனை அங்கே இரண்டு முடிவுகளை மாற்றியது. இந்த மாதிரி நோய்க்கு மருத்துவர்கள் நம்புவது ஃப்ளோ ஃபிஷ் என்ற முறையை. வெள்ளணுவை வகை வகையாகப் பிரித்து அளப்பதால் அது நிதானமானது. வயதுக்கு ஒப்பிட்டு நூற்றில் கடைசி ஓரிருவருக்கும் கீழே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை.

இந்த நோய் உள்ள குடும்பங்களில் டெலோமரேஸைக் கூட்டுவதற்கே அர்த்தம் இருக்கிறது. டானசோல் என்ற பழைய ஹார்மோன் மருந்தை 27 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. டெலோமியர் தேய்வது குறைந்தது, சிலருக்கு நீளவும் செய்தது, பலருக்கு ரத்தம் ஏற்றும் தேவை குறைந்தது. கல்லீரலைக் கண்காணித்துக்கொண்டேதான் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் சின்ன வயது நரை, காரணம் தெரியாத ரத்த அணுக் குறைவு, நுரையீரல் தழும்பு இவை ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இருந்தால், ஆன்லைன் படிவத்தை விட்டுவிட்டு, ரத்தநோய் மருத்துவரைப் பாருங்கள். வேலூர் சி.எம்.சி. நமக்குப் பக்கம்தான். மஜ்ஜை மாற்றில் அங்கே நெடுநாள் அனுபவம் உண்டு.

டிரிப்பில் ஏறும் ஸ்டெம்செல்

இதைப் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. ரத்த நோய்களுக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை என்பது நிரூபணமான வைத்தியம். மற்றபடி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டி, ஸ்டெம்செல் சிகிச்சையை முறையான ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்கிறது. அதன் பின் குறிப்பிட்ட ஒருசில நோய்க்கென்று தனித் தயாரிப்புகள் அனுமதி வாங்கியிருக்கின்றன. 'இளமைக்கு' என்று எதுவும் அனுமதி வாங்கவில்லை.

தம்பி மகனுக்கு ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. விளம்பரத்தில் சொல்லியிருந்தது மஜ்ஜை, கொழுப்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் மீசன்கைமல் செல்கள். அவற்றில் டெலோமரேஸ் ஏறக்குறைய இல்லை. அவற்றைக் கிண்ணத்தில் வளர்த்துப் பெருக்கப் பெருக்க நுனி தேய்ந்துகொண்டே போகும். கோடிக்கணக்கில் பெருக்கி ஏற்றுகிறோம் என்றால், அவ்வளவு தேய்ந்ததை ஏற்றுகிறோம் என்றும் பொருள். இதற்கு மறுகோடியில் இருப்பது ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா 2006இல் காட்டிய வழி. தோல் செல்லையே கருவின் நிலைக்குத் திருப்பினால் டெலோமரேஸ் மறுபடி விழித்து நுனி நீள்கிறது. மறுஉருவாக்க மருத்துவத்தில் எனக்கு நிஜமான நம்பிக்கை இருப்பது இங்கேதான். அதிலும் எவ்வளவு நிதானம் பாருங்கள்: ஜப்பானில் 2014இல் இப்படிச் செய்த விழித்திரைச் செல்களை ஒரு பெண்மணியின் கண்ணில் வைத்தார்கள். இரண்டாவது நோயாளிக்குத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதும், வைக்காமல் நிறுத்திவிட்டார்கள். எந்தச் செல்லை வைக்கிறோம் என்று எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டு நிறுத்துகிறவர்களை நம்பலாம்.

நான்காவது வழி

மூன்றுக்கும் ஆகிற தொகையில் சின்னப் பங்கு போதும். ஆனால் இது பரிசு மாதிரித் தெரியாது. அதுதான் இதன் குறை.

முதலாவது, டெலோமரேஸ் வேண்டாத இடத்தில் விழிக்காமல் பார்த்துக்கொள்வது. கர்ப்பப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் எச்பிவி வைரஸின் ஈ6 என்ற புரதம் செய்யும் வேலைகளில் ஒன்று, செல்லின் டெலோமரேஸைத் தட்டி எழுப்புவது. ஹென்ரியட்டா லாக்ஸின் செல்களுக்குள் இருப்பதும் இந்த வைரஸின் 18ஆம் வகைதான். தம்பியின் பேத்திக்குப் பதினொன்று நடக்கிறது. ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுக்குள் இரண்டு தவணை தடுப்பூசி போட்டால் போதும். தாத்தாவின் அறுபதுக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் பேத்திக்கு ஊசி போடலாம் என்று நான் சொன்னபோது தம்பி மனைவிதான் முதலில் தலையாட்டினாள். ஹெபடைட்டிஸ் பி வைரஸும் இப்படித்தான். கல்லீரல் புற்றுகளில் அதன் டிஎன்ஏ டெலோமரேஸ் மரபணுவுக்குப் பக்கத்தில் போய்ச் செருகியிருப்பதை அடிக்கடி பார்க்கிறார்கள். அதற்கும் தடுப்பூசி இருக்கிறது. முதலில் கிருமி ஏற்கெனவே இருக்கிறதா என்று ரத்தம் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம் புகையிலையும் பாக்கும். இதற்கு விளக்கம் தேவையில்லை. விடுவதுதான் கஷ்டம்.

நடை, சாப்பாடு இவற்றால் டெலோமியர் நீளும் என்று ஒரு பேச்சு உண்டு. 2013இல் வந்த ஆய்வில், வாழ்க்கை முறையை மாற்றிய பத்து பேருக்கு ஐந்து வருஷத்தில் சுமார் பத்து சதவீதம் நீண்டதாகக் கண்டார்கள். வெறும் பத்து பேர்! இதை வைத்துக் காப்ஸ்யூலுக்குப் போட்டியாக நடையை விற்க நான் தயாராக இல்லை. தம்பி ஏரியைச் சுற்றி நடக்க வேண்டும் என்று நான் சொல்வது அவனுடைய சர்க்கரைக்காக, ரத்தக் கொதிப்புக்காக. அதற்கான மாத்திரையைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இலிருந்து இருக்கிறது. மலையில் தனியாக இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நேரில் பார்த்தேன்.

கார்த்திகையில் பயாப்ஸி முடிவு வந்தது. புற்று இல்லை. செல்கள் லேசாக உருமாறத் தொடங்கியிருக்கின்றன. புகையிலையை விட்டுவிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தம்பி மகன் தாளை இரண்டு முறை படித்தான். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் டப்பாவை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டான். டிரிப்புக்குக் கட்டியிருந்த முன்பணத்தையும் திருப்பிக் கேட்டுவிட்டான்.

தம்பி முதல் இரண்டு வாரம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கடையில் எரிந்து விழுந்தான், தூக்கம் வரவில்லை என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எனக்குப் போன் பண்ணினான். ஏலக்காயும் கிராம்பும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சமாளித்தான்.

தையில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. தாம்பூலத் தட்டு அவன் முன்னால் வந்தபோது எல்லார் கண்ணும் அவன் கைமேல்தான் இருந்தது. வெற்றிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தட்டிலேயே வைத்துவிட்டு, பையிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.